மைக் வண்டி வருவதற்கு முன்

திருபுவனையில் கடல் இல்லை. விழுப்புரம்–புதுச்சேரி நெடுஞ்சாலையில், மதகடிப்பட்டைத் தாண்டியதும் வரும் ஊர் அது. கடலைப் பார்க்க ஆசைப்பட்டால் பஸ் ஏறி, திருவண்டார்கோயில், கண்டமங்கலம், வில்லியனூர் எல்லாம் கடந்து நகரத்துக்குப் போக வேண்டும். அதனால் ‘புதுச்சேரி துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்று டி.வி.யில் எழுத்து ஓடும்போது, இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பலரும் அதை மீனவர் சமாச்சாரமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

2024இல் ஃபெஞ்சல் புயல் அந்த நினைப்பை இரண்டு முறை பொய்யாக்கியது. நவம்பர் 30 இரவு அது புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. ஏறிய இடத்திலேயே பல மணி நேரம் நகராமல் நின்றது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அதற்கு முந்தைய பெருமழையாகச் சொல்லப்பட்டது 2004 அக்டோபர் 31இல் பெய்த 21 செ.மீ. மட்டும்தான். இது முதல் அடி. பிறகு புயல் வலுவிழந்து மேற்கே திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கம் போனது. ஊத்தங்கரையில் மட்டும் 50 செ.மீ. அந்தத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, சாத்தனூர் அணையை நிரப்பி, டிசம்பர் 2ஆம் தேதி விடியலுக்குள் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடியாகக் கீழே விடப்பட்டது. அடுத்தடுத்த நாட்களில் கடலூரிலும் புதுச்சேரியின் பாகூர்ப் பகுதிக் கிராமங்களிலும் வெள்ளம் புகுந்தது. கடல் வழியாக வந்த புயல், ஆற்று வழியாக மறுபடியும் வந்தது.

முதல் அடிக்கு ஒரு வகை அறிவிப்பு. இரண்டாவதற்கு வேறு வகை. சொல்லும் அலுவலகம் வேறு, சொல்லும் மொழியும் அளவும் வேறு. எது தன் வீட்டுக்கான அறிவிப்பு என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதற்கே இந்த அத்தியாயம்.

கூண்டு எண் யாருக்கு?

புயல் கூண்டு கப்பல்காரர்களுக்காகப் பிறந்தது. 1864இல் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. மறு ஆண்டே அந்தத் துறைமுகத்தில் எச்சரிக்கை முறை தொடங்கியது. இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்ததே அதற்குப் பத்தாண்டு கழித்து, 1875இல்தான். பகலில் கூம்பும் உருளையுமான கூண்டுகள், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகள் என்று கம்பத்தில் ஏற்றுவார்கள். மொத்தம் 11 எண்கள்.

1, 2 என்றால் தூரக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் இந்தத் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7 மூன்றும் அபாயம். 8, 9, 10 மூன்றும் பெரும் அபாயம். ஒரு தொகுதிக்குள் இருக்கும் மூன்று எண்களுக்கும் உள்ள வித்தியாசம், புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையேறும் என்பதே. அதனால் ‘6ஐ விட 7 பெரிய ஆபத்து’ என்று எண்ணிக்கொள்வது சரியல்ல. 11ஆம் எண்ணின் பொருள்தான் எல்லாவற்றையும் விடக் கலக்கம் தருவது: வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது.

உள்நாட்டுக் கிராமத்துக்குக் கூண்டு எண் ஒரு முன்னறிகுறி மட்டும். எவ்வளவு மழை, எந்த ஆறு என்று அது சொல்லாது.

நிறம் சொல்வது என்ன?

மழைக்கு நிறங்கள் உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்திலுள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து நாள்தோறும் வெளியிடும் வரைபடத்தில் இந்த நிறங்களைப் பார்க்கலாம்.

பச்சை: எச்சரிக்கை ஏதுமில்லை.
மஞ்சள்: கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.
ஆரஞ்சு: தயாராக வேண்டும்.
சிவப்பு: செயலில் இறங்க வேண்டும்.

கூடவே வரும் மூன்று சொற்களுக்கும் அளவு இருக்கிறது. ‘கனமழை’ என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. ‘மிக கனமழை’ 12 முதல் 20. ‘அதி கனமழை’ 20ஐத் தாண்டியது. ஒரு ஏக்கர் நிலத்தில் 1 செ.மீ. மழை பெய்தால் அது ஏறக்குறைய 40,000 லிட்டர் தண்ணீர். ஃபெஞ்சல் அன்று புதுச்சேரியில் பெய்ததைக் கணக்கிட்டால் ஏக்கருக்கு 18 லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. வடிகால் எப்படித் தாங்கும்?

சிவப்பு நிறம் அரசு இயந்திரத்துக்கான கட்டளையும்தான். படகு, பம்ப்செட், மீட்புப் படை, முகாம் எல்லாம் இயங்கத் தொடங்க வேண்டும் என்பது அதன் பொருள். வீட்டுக்காரருக்கு ஆரஞ்சிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. மாட்டை மேட்டுக்கு மாற்றுவது, அறுத்த நெல்லைக் களத்திலிருந்து எடுப்பது, போனையும் டார்ச்சையும் சார்ஜ் ஏற்றுவது ஆகியவற்றைச் சிவப்பு வரும்வரை தள்ளிப்போட்டால், அதற்குள் கரன்ட் போயிருக்கும்.

புயலுக்கு இன்னொரு படிவரிசை இருக்கிறது. சுமார் 72 மணி நேரத்துக்கு முன்பே மேலதிகாரிகளுக்கு முதல் தகவல் போகும். 48 மணி நேரத்துக்கு முன் புயல் உஷார். 24 மணி நேரத்துக்கு முன் புயல் எச்சரிக்கை. 12 மணி நேரத்துக்கு முன், கரையேறிய பின் உள்நாட்டில் என்ன நடக்கும் என்ற அறிவிப்பு. திருபுவனை போன்ற ஊர்கள் வரிவரியாகப் படிக்க வேண்டியது இந்தக் கடைசி அறிவிப்பை.

‘புயல் கரையைக் கடந்தது’ என்றால்

புயலின் தரம் காற்றின் வேகத்தை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. மணிக்கு 62 கி.மீ. தொட்டால் புயல், 89 தொட்டால் தீவிரப் புயல், 118 தொட்டால் அதி தீவிரப் புயல். மழையின் அளவு இந்தக் கணக்கிலேயே வராது.

2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலில் காற்று மணிக்கு 140 கி.மீ. வரை வீசியது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஃபெஞ்சல் காற்றுக் கணக்கில் மிகச் சாதாரணப் புயல். 70, 80 கி.மீ.தான். கரையேறுவதற்கு இரண்டு நாள் முன்புவரை அது புயலாக மாறாது, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையேறும் என்றுதான் எதிர்பார்க்கப்பட்டது. நவம்பர் 29 பிற்பகலில்தான் அதற்குப் பெயர் கிடைத்தது. கரையேறும் நேரமும் பிற்பகல், மாலை, இரவு என்று தள்ளிக்கொண்டே போனது. ‘சாதாரணப் புயல்தானே’ என்று படுத்தவர்களும், ‘கடந்துவிட்டது’ என்று நிம்மதியானவர்களும் காலையில் இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்தார்கள். நகரத்தின் கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி மக்களை மீட்க வேண்டியிருந்தது.

ஆக, புயல் அறிக்கையில் மூன்று வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும்: இப்போது எவ்வளவு வேகத்தில் நகர்கிறது, கரையேறிய பின் எந்தத் திசையில் போகும், அடுத்த அறிக்கை எத்தனை மணிக்கு. மெதுவாக நகரும் புயல் ஒரே இடத்தில் மழையை இறக்கும். ‘நிலை கொண்டுள்ளது’ என்ற சொல் வந்தால் காற்றை விட்டுவிட்டு மழையைப் பற்றிக் கவலைப்படும் நேரம் அது.

அணையிலிருந்து வரும் சொல்

இந்தப் பகுதிக்கு இரண்டு ஆறுகள் முக்கியம். செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி, விழுப்புரம் மாவட்டத்து வீடூர் அணையைத் தாண்டி மண்ணாடிப்பட்டு, வில்லியனூர் ஆகிய கொம்யூன் பஞ்சாயத்துகள் வழியாகக் கடலுக்குப் போகிறது. வீடூரின் முழு நீர்மட்டம் 32 அடி. தெற்கே பாகூருக்குத் தென்பெண்ணை. அதற்கு மேலே திருவண்ணாமலை மாவட்டத்தில் 119 அடி உயரச் சாத்தனூர் அணை.

இரண்டு அணைகளும் தமிழ்நாட்டு நீர்வளத் துறையின் கையில் இருக்கின்றன. தண்ணீர் வந்து சேர்வதோ புதுச்சேரிக்கும். அணைப் பொறியாளர் திறப்பின் அளவைக் கீழ்ப்பகுதி மாவட்ட ஆட்சியர்களுக்குச் சொல்வார். அங்கிருந்து புதுச்சேரி நிர்வாகம், வருவாய்த் துறை, தாசில்தார், கொம்யூன் பஞ்சாயத்து, ஊர் என்று சொல் இறங்கி வர வேண்டும். நள்ளிரவில் இத்தனை கை மாறினால் நேரம் போகும். 2024 டிசம்பரில் சாத்தனூர் பற்றிப் பெரிய தகராறே நடந்தது. ஐந்து கட்டமாக எச்சரிக்கை கொடுத்த பின்பே திறப்பு கூட்டப்பட்டது என்றது தமிழ்நாடு அரசு. போதிய முன்னறிவிப்பு இல்லை என்றன எதிர்க்கட்சிகள். அலுவலகத்திலிருந்து அறிவிப்பு புறப்பட்ட நேரமும் தூங்கிக்கொண்டிருந்த வீட்டை அது எட்டிய நேரமும் ஒன்றாக இருப்பதில்லை.

கன அடிக் கணக்கை ஒரு முறை மனத்தில் பதித்துக்கொண்டால் செய்தி வேறு மாதிரி கேட்கும். ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம். 12,000 லிட்டர் டேங்கர் லாரியை வைத்துப் பார்த்தால், 1.68 லட்சம் கன அடி என்பது நொடிக்குச் சுமார் 400 லாரித் தண்ணீர்.

ஆற்றோரம் வீடோ நிலமோ உள்ளவர்கள் மழைக்காலத்தில் கவனிக்க வேண்டியது தங்கள் ஊர் வானத்தை மட்டும் அல்ல. செஞ்சியிலும் திண்டிவனத்திலும் பெய்யும் மழை வில்லியனூருக்கானது. கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மழை பாகூருக்கானது. உள்ளூரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வரலாம்.

திருபுவனைக்கு இன்னொரு கணக்கும் உண்டு, ஏரி. ஏரிக்குப் பெரும்பாலும் யாரும் நிறம் பூசி அறிவிப்பதில்லை. கலிங்கலில் தண்ணீர் வழியத் தொடங்கியதா, கரையில் ஈரக்கசிவு தெரிகிறதா, மதகருகே மண் சரிகிறதா என்பதையெல்லாம் முதலில் பார்ப்பவர்கள் மாடு மேய்ப்பவர்களும் வயலுக்குப் போகிறவர்களும்தான். அங்கே எச்சரிக்கை கீழிருந்து மேலே போக வேண்டும். பொதுப்பணித் துறைக்கோ தாலுகா அலுவலகத்துக்கோ ஒரு போன், கூடவே பேரிடர் உதவி எண் 1070 அல்லது 1077.

போன் அலறினால்

ஃபெஞ்சலுக்கு முன் புதுச்சேரி நிர்வாகம் சுமார் 12 லட்சம் பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது. குறுஞ்செய்தி எண் எண்ணாகப் போவது. கூட்ட நெரிசலில் வரிசையில் நிற்கும். இன்று அனுப்பியது நாளை வந்தாலும் ஆச்சரியமில்லை. வங்கி விளம்பரங்களுக்கு நடுவே ஒளிந்துகொள்ளவும் செய்யும்.

செல் பிராட்காஸ்ட் வேறு ரகம். ஒரு செல்போன் கோபுரத்தின் எல்லைக்குள் உள்ள எல்லாப் போன்களுக்கும் ஒரே நேரத்தில் போகும். எண் தேவையில்லை. போன் சத்தமில்லா நிலையில் இருந்தாலும் பெரிதாக அலறும், திரை முழுக்க எழுத்து வரும். 2023இல் தொலைத்தொடர்புத் துறை நாட்டின் பல பகுதிகளில் இதைச் சோதித்தபோது, ஹேக் ஆகிவிட்டதோ என்று பலர் பதறி போனையே அணைத்தார்கள். உண்மையான நாளில் அப்படிச் செய்துவிடக் கூடாது. போன் அமைப்புகளில் ‘வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்’ என்ற பகுதி இயங்கு நிலையில் இருக்கிறதா என்று இன்றே பார்த்து வைப்பது நல்லது. பட்டன் போன்கள் எல்லாவற்றிலும் இது வரும் என்று நம்ப முடியாது. வீட்டில் தாத்தா பாட்டியிடம் இருப்பது பெரும்பாலும் அந்தப் போன்தான்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ செயலி இருக்கும் இடத்துக்கான எச்சரிக்கையைத் தமிழிலும் காட்டும். இடிமின்னலுக்குப் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ இருக்கிறது. நடவு, களையெடுப்பு என்று வெட்டவெளியில் நிற்பவர்களுக்கு அது உயிர்க்காப்பு.

எல்லைக் கிராமங்களுக்கு ஒரு சிக்கல். புதுச்சேரி நிலமும் தமிழ்நாட்டு நிலமும் இங்கே பாய் முடைந்தது போல் பின்னிக் கிடக்கின்றன. திருபுவனையிலிருந்து வில்லியனூர் போகும் வழியிலேயே கண்டமங்கலம் விழுப்புரம் மாவட்டம். பள்ளி விடுமுறை, சாலை மூடல், முகாம் எல்லாம் இரண்டு நிர்வாகங்களும் தனித்தனியாக அறிவிக்கும். அதனால் செய்தியைப் பார்த்ததும் அதில் எந்த மாவட்டத்தின் பெயர் இருக்கிறது என்று தேடுவது முதல் வேலை. தேதி, நேரம், வெளியிட்ட அலுவலகம் மூன்றும் இல்லாத வாட்ஸ்அப் செய்தியை யாருக்கும் தள்ளிவிடக் கூடாது. ‘அணை உடைந்துவிட்டது’ என்ற வதந்தி மழைக்காலந்தோறும் புதிதாகப் பிறக்கிறது.

நல்லவாட்டில் நடந்தது

கருவிகள் பெருகுவதற்கு முன்பே, இந்தக் கிராமப்புறத்தில் எச்சரிக்கைக்கு ஒரு பெரிய பாடம் எழுதப்பட்டுவிட்டது. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வயர்லெஸ் இணைப்பு, சூரிய மின்சாரம், இயக்குபவர்களில் பலர் உள்ளூர்ப் பெண்கள். வீராம்பட்டினத்தில் அன்றைய அலை உயரத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் சொல்வார்கள். மீனவர்கள் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போவார்கள்.

2004 டிசம்பர் 26. சுமத்ராவுக்கு அருகே இந்திய நேரப்படி காலை 6.28 மணிக்குக் கடலடி நிலநடுக்கம். தமிழகக் கரைக்கு அலை வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. எச்சரிக்க அப்போது இந்தியாவில் ஓர் அமைப்பு கிடையாது. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது 2007இல். அன்று காலை சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த, நல்லவாடு என்ற புதுச்சேரிக் கடலோரக் கிராமத்து இளைஞர் ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்கு போன் போட்டார். ஊர்க்காரர்கள் அங்கிருந்த தகவல் மையத்தின் பூட்டை உடைத்து உள்ளே போய், தினமும் அலைச் செய்தி சொல்லும் அதே ஒலிபெருக்கியில் ‘எல்லாரும் வெளியேறுங்கள்’ என்று அறிவித்தார்கள். சுமார் 500 குடும்பங்கள், 3,600க்கும் மேற்பட்டவர்கள். ஏறக்குறைய 150 வீடுகளும் 200 படகுகளும் போயின. ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

சிங்கப்பூரிலிருந்து வந்தது ஒரு போன்தான். அதை ஊர் முழுவதும் நம்பி ஓடியதற்குக் காரணம், அந்த ஒலிபெருக்கியை அவர்கள் தினமும் கேட்டுப் பழகியிருந்தார்கள். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் வாய் திறக்கும் ஒலிபெருக்கிக்கு அந்த மதிப்பு கிடைத்திருக்காது.

வங்கதேசமும் இதே வழியில் போனது. 1970 புயலில் அங்கே 3 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். 1972இல் தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டத்தில் கிராமத் தொண்டர்களே மெகாபோனோடு தெருத்தெருவாகப் போகிறார்கள். ஆபத்து ஏற ஏற ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி. எழுத்தறியாதவருக்கும் எண்ணிக்கை தெரியும்.

தமிழ் ஊர்களில் அந்த வேலையைத் தண்டோரா செய்தது. 2022 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு அரசு, தண்டோரா போடுவதை நிறுத்திவிட்டு வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கச் சொன்னது. ஒரு சாதியினர் தலையில் சுமத்தப்பட்ட பழைய வழக்கம் ஒழிந்தது நியாயமே. ஆனால் மைக் வண்டி பெருந்தெருவில் போய்விடும், முட்டுச்சந்துக்குள் நுழையாது. புதுச்சேரியில் 2006க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நெடுங்காலம் நடக்காததால், வார்டு உறுப்பினர் என்று ஒருவரை எழுப்பிக் கேட்கவும் வழியில்லாமல் போனது. தெருவே தனக்கு ஆள் வைத்துக்கொள்ள வேண்டிய நிலை.

தொழிற்பேட்டைச் சங்கு

திருபுவனைக்கு மழை மட்டும்தான் கவலை என்று சொல்ல முடியாது. ஊரை ஒட்டித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. 1989ஆம் ஆண்டு அபாய ரசாயன விதிகளின்படி, பெரும் விபத்துக்கு வாய்ப்புள்ள ஆலை எதுவானாலும் என்ன ஆபத்து வரலாம், வந்தால் சுற்றியிருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். போபாலில் 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்த இரவில் பொதுமக்களுக்கான சங்கு சிறிது நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. விசாகப்பட்டினத்தில் 2020 மே 7 அதிகாலை ஸ்டைரின் வாயு கசிந்தபோது சங்கே ஊதவில்லை. தூக்கத்தில் இருந்தவர்களை வாசனைதான் எழுப்பியது.

ஷிப்ட் மாறும்போது ஊதும் சங்குக்கும் ஆபத்துச் சங்குக்கும் என்ன வித்தியாசம் என்று ஆலையில் வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 2025 மே 7 அன்று நாடெங்கும் நடந்த பாதுகாப்பு ஒத்திகையின் இலக்கணம் இது: ஏறி இறங்கி அலறினால் ஆபத்து, ஒரே சீராக நீண்டு ஒலித்தால் ஆபத்து நீங்கியது. வாயுக் கசிவென்றால் காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும், ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். காற்றோடு சேர்ந்து ஓடினால் வாயுவும் கூடவே வரும்.

கதவுக்குப் பின்னால் ஒட்டி வைக்க

1. எண்கள்: 1070, 1077, 112. தாசில்தார் அலுவலகம், கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம், மின்துறை ஆகியவற்றின் எண்கள் காகிதத்தில் எழுதியிருக்க வேண்டும். போன் நனைந்துவிட்டால் அதிலுள்ள எண்ணும் போய்விடும்.

2. தன் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வரும் என்று ஒரே வரி: ஏரியா, சங்கராபரணியா, தென்பெண்ணையா, வாய்க்காலா. 2021 நவம்பரிலும் 2024இலும் எதுவரை வந்தது என்று சுவரில் கோடு.

3. பேட்டரி ரேடியோ ஒன்று. கரன்டும் செல்போன் கோபுரமும் போன பின்பும் புதுச்சேரி வானொலி கேட்கும்.

4. முகாம் எந்தப் பள்ளியில், அதற்குப் போகும் வழியில் தாழ்வான பாலம் இருக்கிறதா என்ற குறிப்பு. ரேஷன் அட்டை, ஆதார், பட்டா நகல், மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில்.

5. தெருவில் காது கேளாதவர், படுக்கையில் இருப்பவர், கைக்குழந்தைக்காரி, செங்கல் சூளையில் வேலைக்கு வந்து தங்கியிருக்கும் வெளியூர்க் குடும்பம் ஆகியோரின் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கதவைத் தட்டப் போகிறவரின் பெயர்.

6. ஆரஞ்சு வந்தால் செய்பவை, சிவப்பு வந்தால் செய்பவை என்று இரண்டு பத்தி. புயல் கடந்த பின் 12 மணி நேரத்துக்கு அதே பட்டியல் செல்லும்.

7. ஊர்க் கோயில், பள்ளிவாசல் அல்லது மாதா கோயில் மைக் செட் கரன்ட் இல்லாமல் ஓடுமா? ஓடாது என்றால் பேட்டரியோ கை மெகாபோனோ ஐப்பசி பிறப்பதற்கு முன்பே வாங்கி, மாதம் ஒரு முறை ரேஷன் செய்தியையாவது அதில் சொல்லிப் பழக வேண்டும்.

8. அந்த மைக் செட் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது. நல்லவாட்டில் பூட்டை உடைக்க வேண்டியிருந்தது. அப்போது பட்டப்பகல், கை கொடுக்க ஆள் இருந்தது. இரவு இரண்டு மணிக்கு அணை திறந்தால் பூசாரி வீட்டில் ஒரு சாவியும், ஏரிக்கரைத் தெருவில் இன்னொரு சாவியும் இருந்தாக வேண்டும். இரண்டு வீட்டு போன் எண்களும் இந்தத் தாளின் கடைசி வரியில்.